அம்மா ஏன் வர மாட்டேன் என்றாள்

கோவில்பட்டி
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தீபலட்சுமிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கழுகுமலை முருகன் துணை நிற்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுதான் கொஞ்ச காலமாகச் சரியில்லை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் போனில் பேசுகிறவர் எதற்கு மெனக்கெட்டு எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், சொல்ல வந்தது நின்றுபோகும். உனக்கு அனுப்புகிற பார்சலில் கடலைமிட்டாய்க்கு மேலே இதை வைக்கிறேன், ஆற அமர உட்கார்ந்து படி.

இங்கே ஒரு மழை பெய்ததோடு சரி. உளுந்து விதைத்தவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்த ஒரு மழைக்கு முளைத்த இளம்புல்லை மேய்ந்த ஆடுகளுக்குத் துள்ளுமாரி வந்துவிட்டது, துள்ளி விழுந்து அப்படியே செத்துப்போகிறது, நான் புதூர்ப் பக்கம் ஊர் ஊராக ஊசியும் கையுமாக அலைகிறேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான், விடு.

போன மாதம் நீ அம்மாவோடு பேசியதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பேறுகாலத்துக்கு வர ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை என்று அவள் சொன்னதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள்தான் உனக்கு எப்பவும் பெருசு, பெத்த பிள்ளை ரெண்டாவதுதான் என்று சொல்லிவிட்டாய். அவள் போனை வைத்துவிட்டு எழுந்து போனாள். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை தாயி, உனக்குத் தெரியாது. எனக்கே அன்றைக்குப் பாதிதான் தெரியும்.

புதூர்ப் பக்கம் கருத்தையா என்று ஒருவர், ஆடு வளர்க்கிறவர், நான் வழக்கமாக வைத்தியம் பார்க்கிற ஆட்டுக்கிடை அவருடையது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, "சார், எம்பொண்ணு பானுக்குக் காச்சல் விடவே மாட்டேங்கு, காலெல்லாம் திட்டுத்திட்டா கன்னிப்போய்க் கெடக்கு" என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நம்ம வீட்டு டாக்டரம்மாவிடம் காட்டுங்கள் என்று நான்தான் அனுப்பினேன். அம்மா பார்த்த அன்றைக்கே சந்தேகப்பட்டு மதுரைக்கு அனுப்பினாள், ரத்தப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. பெரிய வைத்தியம் அங்கே, நடுவில் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை எல்லாம் இங்கே அம்மாவிடம். முடி கொட்டி முளைத்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். வாயாடி. உன் அம்மாவை டாக்டரம்மா என்று ஒருநாளும் சொன்னதில்லை, "ஆட்டு டாக்டர் வீட்டுக்காரி" என்பாள், அதை அம்மா வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இந்தச் சித்திரையில் நோய் திரும்பிவிட்டது. மதுரையில் இனி செய்ய ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு, பிள்ளை வலி இல்லாமல் இருந்தால் போதும் என்று இங்கே அம்மாவின் வார்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆடி மாதம் இறந்துபோனாள்.

அன்றைக்கும் அம்மா வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். "பானு போயிட்டா" என்று மட்டும் சொன்னாள். பிறகு குளித்தாள், காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள். எனக்கும் சாவு புதிதில்லை, ஒரு கிடையில் பாதி ஆடு செத்துக் கிடக்க, அழுகிறவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குகிறவன்தானே நான். அவளுக்கும் அப்படிப் பழகியிருக்கும் என்று இத்தனை காலமும் நினைத்துவிட்டேன். ஆவணியில் கழுகுமலையில் ஒரு காதுகுத்து, போயிருந்தோம். யாரோ ஒரு கைப்பிள்ளையை அவள் மடியில் வைத்தார்கள். வைத்ததுதான், அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றாள். பசி மயக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அந்த நிலைமையில்தான் நீ போன் பண்ணினாய்.

அதற்கு அடுத்த வாரம் கருத்தையாவும் அவர் மனைவி சொர்ணத்தாயும் வீட்டுக்கு வந்தார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடலாமா என்றுதான் பார்த்தேன், இவள் இருக்கிற இருப்பில் தாங்க மாட்டாள் என்று பயம். அதற்குள் அம்மாவே வந்து உள்ளே கூப்பிட்டுவிட்டாள். எல்லோரும் உட்கார்ந்தோம். பிறகு சொர்ணத்தாய், "டாக்டரம்மா, பிள்ளை கடைசில என்னையக் கேட்டுச்சா?" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, பானு போகும்போது பெற்றவள் பக்கத்தில் இல்லை, உன் அம்மாதான் இருந்திருக்கிறாள். கேட்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா அப்படிச் சொல்லவில்லை. "கேட்டா சொர்ணம். அம்மா எங்கனன்னு கேட்டா. சாப்பிடப் போயிருக்கா, இந்தா வந்துருவான்னு சொன்னேன். சரின்னுட்டு என் விரலைப் பிடிச்சுக்கிட்டா. பெறவு பேசல" என்றாள். அதோடு நிறுத்தவும் இல்லை. "முந்தின நாள்லயிருந்து நீ பட்டினியாக் கெடந்த, போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வான்னு உன்னைய அனுப்புனது நாந்தான். இம்புட்டு வெரசா முடியும்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

"அனுப்பியிருக்கப்படாதும்மா" என்றாள் சொர்ணத்தாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் மெதுவாகத்தான் சொன்னாள். கருத்தையா, "ஏட்டி, சும்மா இரு, அவிய நம்ம பிள்ளைக்குக் கொஞ்சமா செஞ்சாவ?" என்று அதட்டினார். அம்மா அவரைக் கை காட்டி நிறுத்திவிட்டு, "ஆமா, அனுப்பியிருக்கப்படாது" என்றாள். சமாதானமும் சொல்லவில்லை, சால்ஜாப்பும் சொல்லவில்லை. பிறகு சொர்ணத்தாய், "பிள்ளை பிடிச்சது எந்தக் கைம்மா?" என்று கேட்டாள். அம்மா வலது கையை நீட்டினாள். அதை அவள் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், அம்மாவும் அழுதாள். நோயாளி வீட்டார் முன்னால் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. நானும் கருத்தையாவும் எழுந்து வெளியே வந்து நின்றோம்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. "ஊசி போடக் கையை எடுத்தா நடுங்குது, இனி தாங்காது" என்று அவளே சொன்னாள். இப்போது நீண்ட லீவில் இருக்கிறாள். திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்க்கிறோம், நோயாளிப் பிள்ளைகளோடு இருக்கிற டாக்டர்கள் பலருக்கு இப்படி வருகிறது, பழகிவிட்டது என்று அவர்களே நம்பிக்கொண்டு பாரத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள் என்றார். மாத்திரையில் தூக்கம் வருகிறது. ஒருநாள் நன்றாகப் பேசுவாள், ஒருநாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சமையல் இப்போது நான்தான், என் ரசம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அதையும் குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள், அதுதான் எனக்குக் கவலை. மறுபடி வேலைக்குப் போவாளா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. எனக்கும் ரொம்ப அலுப்பாக இருக்கிறது தீபா, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது.

அவளுக்குத் தெரியாமல் இதை எழுதவில்லை. "லீவு கிடைக்கலன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டேன். அவ பிள்ளையக் கையில வாங்கப் பயமா இருக்கு, அதை எப்படிச் சொல்ல? நீங்களே எழுதிருங்க" என்றாள். நேற்று அவளாகவே வந்து, பாஸ்போர்ட்டை எங்கன வச்சிருக்கீங்க என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "வாரேன்னு எழுதுங்க, ஆனா என்னைய ரொம்ப நம்ப வேண்டாம்னும் எழுதுங்க" என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன். தை பிறக்கும்போது, நீ பெற்று எழுந்த கையோடு, இரண்டு பேரும் அங்கே இருப்போம்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போகாதே, மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடியாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாங்கள் வந்து இறங்கியதும் ஆசையில் பிள்ளையைத் தூக்கி அம்மா கையில் கொடுத்துவிடாதே. அவள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டுவிட்டு, நீ உன் வேலையைப் பார். அவளாக எடுப்பாள். எத்தனை நாள் ஆனாலும் காத்திரு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ஜெயகிருஷ்ணன்