செம்பு ராடார்

நேற்றுக் காலையில் உன் தம்பி போன் செய்தான். "அக்கா, புதன்கிழம எங்கக்காவுக்கு வருஷத் தெவசம். அது ஆசப்பட்டதெல்லாம் படையல்ல வெக்கணும்னு அம்மா சொல்லுது. அந்தக் கப்பல எட்த்துனு வாங்க" என்றான். சரிப்பா என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீரோ மேலிருந்து அந்தக் குட்டிக் கப்பல் இருக்கிற கண்ணாடிப் பெட்டியை இறக்கினேன். மறுபடி மேலே வைத்தேன். மறுபடி இறக்கினேன். "இன்னாத்துக்கு இப்டி நடந்துகினே கீற, கால் வலிக்கல?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவரிடம் என்னவென்று சொல்வது.

ரெண்டு கடுதாசி எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. நடுவில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதையாவது முடிக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து பிரஷால் தூசி தட்டினேன். ரேணிகுண்டா கம்பெனியிலிருந்து நான் எடுத்து வந்த அதே பிரஷ். அங்கே நீயும் நானும் டச்-அப் பிரிவு. சர்க்யூட் போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, மேலே பூசிய மையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பிரஷால் அடைக்க வேண்டும். விட்டுவிட்டால் அமிலம் அந்த வழியாக இறங்கிச் செம்பைத் தின்றுவிடும். காலை முதல் சாயந்திரம் வரை ஓட்டை அடைக்கிற வேலை. "நாம கூலிக்கு ஓட்ட அடைக்கிறவங்க மே" என்று பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழச் சொல்லிச் சிரிப்பாய். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஊருக்குள் புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. ஜப்பானிலிருந்து மெஷினும் வந்தது, அதைப் பூட்ட ஒரு ஆளும் வந்தார். மூன்று மாதம் திருப்பதி லாட்ஜில் தங்கி, பொழுது போக அறையில் குட்டிக் குட்டிப் போர்க்கப்பல் செய்வார் என்று டிரைவர் சொல்வார். போகும்போது பிரிக்காத பெட்டி ஒன்றை விட்டுப் போனார். சூப்பர்வைசர் குப்பையில் போடப் போனார், நீ கெஞ்சி வாங்கிக்கொண்டாய். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், படம் போட்ட ஒரு தாள், அப்புறம் ஒரு பித்தளைத் தகடு. அத்தனை மெல்லிசான தகட்டில் கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள், பளுதூக்கி, எல்லாம் சல்லடையாக வெட்டி நின்றன. நீ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய். "இது வெட்டனது இல்ல டீ. மை பூசி, படம் புடிச்சி, ஆசிட்ல கரைச்சது. நம்ம வேல டீ இது" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த நம் வாடகை அறையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் போட்டு, அதன் மேல் தகட்டை வைத்துப் பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தோம். ஃபேன் போடக் கூடாது, போட்டால் ஏணி பறந்துவிடும். கூட்ஸ் வண்டி வந்தால் தரை அதிரும், ரெண்டு பேரும் நாலு கையையும் கவிழ்த்து மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்திருப்போம். மடிக்க வேண்டிய இடத்தில் அந்த ஜப்பான்காரன் பாதி கனம் மட்டும் கரைத்து வைத்திருந்தான். ஒரு தரம் மடிக்கலாம். தப்பாக மடித்துவிட்டு நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். நான் ரெண்டு ஏணி ஒடித்தேன். நீ ஒன்றுகூட ஒடிக்கவில்லை.

நீ எதையும் முடிக்காதவள் என்று உன் நைனா சொல்வார். தையல் பாதி, டைப்பிங் பாதி, பி.ஏ. பாதி. உன் மாமனுக்குக் கட்டிக் கொடுக்கிற பேச்சு வந்தபோது நீயாகவே ரயில்வே கோடூர் ஏஜெண்டைப் பிடித்து குவைத்து வேலைக்குப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டாய். "இங்கயே கெடந்தா துருப் புடிச்சிப் பூடுவேன். ஆனா இந்தக் கப்பல முடிச்சிட்டுத்தான் ஏறுவேன். நைனா வாயில இருந்து ஒரு தபாவாவது 'முடிச்சிட்டா'ன்னு வரணும்" என்றாய்.

ஏஜெண்ட் ஒரு புதன்கிழமை அறைக்கே வந்தார். "ஈ பேட்ச் சுக்ரவாரம் வெள்ளிபோதுந்தம்மா" என்றார். வெள்ளிக்கிழமை கிளம்புகிற அந்த எட்டுப் பேருக்கும் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, ஒரே கட்டடத்தில் தங்கல். அடுத்த மாதம் போகிறவர்களுக்கு வீட்டு வேலை. கப்பலில் அப்போது பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, உச்சிக் கம்பத்தில் வைக்கிற ராடார். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். கயிற்றுக் கட்டில் மாதிரி பின்னல். "கப்பல் உச்சில எவன்டி கட்டில் போட்டுப் படுப்பான்?" என்று கேட்டு நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் அதையும் ஒட்டிவிட்டால் முடிந்தது.

அந்தக் காலையில் நீ குளிக்கப் போயிருந்தாய். நான் தகட்டிலிருந்து ராடாரை வெட்டி எடுத்தேன். என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் ஒரு பொட்டை உரித்து, அதற்கடியில் இதை வைத்து, பொட்டைத் திரும்ப அழுத்தி ஒட்டினேன். அட்டையைக் கைப்பைக்குள் போட்டேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீ போய்விட்டால் அந்த அறையில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். வேறு யோசனை எதுவும் இல்லை, சத்தியமாக.

நீ வந்து கேட்டாய். "வெட்டி வெச்சேன், கூட்ஸ் வண்டி போச்சி, காணோம்" என்றேன். பாயை உதறினாய். டார்ச் அடித்துத் தரையில் கன்னத்தை வைத்துத் தேடினாய். துடைப்பத்துக் குப்பையை முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்தாய். நானும் கூடவே தேடினேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வெள்ளிக்கிழமை வண்டி போயிற்று. "ஒரு மாசந்தானே, அடுத்த பேட்ச்ல போறேன்" என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலு நாள் தேடிய பிறகு நீ தேடுவதை நிறுத்தினாய். கம்பெனி கழிவிலிருந்து ஒரு துண்டு மெல்லிய செம்புத் தகடு கொண்டுவந்தாய். ரெண்டு பக்கமும் டச்-அப் மை பூசிக் காயவிட்டாய். தைக்கிற ஊசியால், படத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கட்டில் பின்னலை மையில் கீறினாய். ஓட்டை அடைத்தே பழகிய கை அன்றைக்கு ஓட்டை போட்டது. ஒரு பீங்கான் கோப்பையில் அமிலம். மூன்று தடவை கெட்டுப்போயிற்று. நாலாவது தடவை கழுவி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். கொஞ்சம் பெரிசு, ஒரு ஓரம் கோணல், நிறம் சிவப்பு. பெயிண்ட் அடிக்கலாம் என்றேன். "வாணாம். நான் செஞ்சதுன்னு தெரியட்டும்" என்றாய். உன் நைனா வந்து பார்த்தார். "முடிச்சிட்டாளே" என்றார். நீ திரும்பிச் சுவரைப் பார்த்து அழுதாய். நான் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கப்பலை என்னிடம் விட்டுவிட்டு அடுத்த மாதம் போனாய். ஒன்பது பேர் இருந்த ஒரு குடும்பத்துக்கு நீ ஒருத்தி வேலைக்காரி. "ஜன்னல தெறக்க உடமாட்டாங்க. தனியா சோறு துன்னா எறங்கல" என்று எழுதினாய். வெள்ளிக்கிழமைப் பேட்ச்சில் போன புத்தூர்க்காரி சாயந்திரமானால் கூட்டாளிகளோடு கடைக்குப் போவதாக எனக்கு எழுதினாள். அதை உனக்கு நான் எழுதவே இல்லை. பதினோரு வருஷம் நீ அந்த வீட்டில் பாத்திரம் கழுவினாய்.

திரும்பி வந்தபோது உன் விரல்கள் வீங்கி, தோல் உரிந்து, ஒரு ஊசியைப் பிடிக்க முடியாமல் இருந்தன. என் வீட்டுக்கு வந்து நேராகக் கப்பலிடம் போனாய். செம்பு கறுத்திருந்தது. "இந்த ராடார நான் செஞ்சேன்னு அங்க சொல்லாத ஆள் இல்ல. ஒருத்தியும் நம்பல" என்றாய். அப்புறம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டாய்: "அந்தத் தொலஞ்சது கெடச்சிதா?"

"இல்ல டீ."

"கெடைக்காட்டி என்னா. அது கெடச்சிருந்தா நான் இத செஞ்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டாய்.

அதன் பிறகு நாலு வருஷம் இருந்தாய். வாராவாரம் பார்த்தோம். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் நீ பெருமைப்பட்ட ஒன்றே ஒன்றையும் பிடுங்கின மாதிரி ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்.

உன் தம்பி தெலுங்கு மீடியம், உன் அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. இந்தத் தமிழ்க் கடுதாசியைக் கப்பலுக்கு அடியில் வைத்தால் யாருக்கும் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். பாதியில்தான் உறைத்தது, இதுவும் பொட்டுக்கு அடியில் வைக்கிற அதே புத்தி. அதனால் புதன்கிழமை உன் போட்டோவுக்கு எதிரில் நானே வாய்விட்டுப் படிக்கப் போகிறேன், அவர்கள் காதில் விழும்படி. அப்புறம் எனக்கு இலை போடுவார்களோ, எழுந்து போ என்பார்களோ, தெரியாது.

நான் ஒளித்த ராடாரைப் படையலில் வைக்க மாட்டேன். உன்னிடம் கொடுத்துவிட்டால் எனக்கு லேசாகிவிடும். அது என் கைப்பையிலேயே, அந்த அட்டையிலேயே இருக்கட்டும். கப்பல் உச்சியிலும் அதற்கு இடமில்லை. அங்கே நீ செய்தது இருக்கிறது.