துரைக்கு உத்தியோகம்

செப்டம்பர் 2, செவ்வாய்

சோளம் பால் பிடித்துவிட்டது. கிளிகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ, கூட்டத்தோடு வந்து இறங்கிவிட்டன. வைக்கோலைக் கட்டி, இவருடைய பழைய சட்டையை மாட்டி, தலைக்குச் சட்டியைக் கவிழ்த்து, வயல் நடுவே ஒரு பொம்மையை நட்டேன். ஒரு வேலையும் செய்யாமல் விறைத்து நிற்பதால் அவனுக்குத் துரை என்று பெயர்.

இவரோடு பேச்சை நிறுத்தியாயிற்று. டவுனில் ஏதோ அடுக்குமாடிக்கு வாட்ச்மேன் வேலையாம், கொழுந்தன் பிடித்துக் கொடுத்தானாம், பதினைந்தாம் தேதி சேர வேண்டுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் யூனிஃபார்முக்கு அளவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கிணற்று மோட்டார் எரிந்து போனதிலிருந்தே மனுஷனுக்கு நிலம் கசந்துவிட்டது. குத்தகைக்கு விடுவாராம். அப்புறம் நான் என்ன செய்ய, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா?

அவரே முதலில் வாயைத் திறக்கட்டும். நானாகப் பேசினால் என் பேரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

சாடையாகப் பேசுவது பேச்சில் சேராது. இவர் வரப்பில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பொம்மையைப் பார்த்துக் கேட்டேன்: "ஏன் துரை, ஊரான் வீட்டு வாசலைக் காக்க ஓடுறவருக்கு, சொந்த வயலைக் காக்க மட்டும் வலிக்குதாமா?"

இவரும் துப்பிவிட்டுப் பொம்மையிடமே சொன்னார்: "டேய், தண்ணியில்லாத நிலத்துல உன்னை மாதிரி நட்டுக்கிட்டு நிக்க என்னால ஆகாது. உங்க அக்காகிட்ட சொல்லிடு."

துரை எனக்குத் தம்பியாம்! சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எங்கள் சண்டை மாமியாருக்கு நல்ல பொழுதுபோக்கு. "சாப்பிட வரச் சொல்லுங்க அத்தை" என்றால், "உன் பொண்டாட்டி நீ வரலேன்னு அழுவுறா பாரு" என்று கூட்டிச் சொல்கிறார். நான் எங்கே அழுதேன்?

செப்டம்பர் 8, திங்கள்

யூனிஃபார்ம் வந்தது. நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். நன்றாகத்தான் இருந்தது, பாவி மனுஷனுக்கு.

செப்டம்பர் 11, வியாழன்

குத்தகைக்காரர் நிலத்தைப் பார்க்க வந்தார். ஒரு கதிரை ஒடித்து, நாலு மணியை மென்று துப்பினார். "இதையெல்லாம் அறுத்து மாட்டுக்குப் போட்டுடலாம். என் கிணத்துத் தண்ணிய இழுத்து வாழை வெச்சுக்கிறேன்" என்று கதிரைக் காலடியில் எறிந்தார்.

இவர் குனிந்து அதை எடுத்து, மண்ணைத் தட்டி, மடியில் கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

சாயங்காலம் விளக்கேற்றப் போனால், அந்தக் கதிர் சாமி படத்தடியில் இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. நாளை முதல் பஸ். போகட்டும். போனால் யாருக்கு நஷ்டம்? எனக்குத்தான். சீ, எழுதும்போதே கண்ணு கலங்குது. பேசிடலாமா —

மாட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

விடிந்து பார்த்தால் கட்டில் காலி. ஆணியில் யூனிஃபார்மும் இல்லை. சொல்லாமல்கூடக் கிளம்பிவிட்டார். பஸ் ஹாரன் கேட்டது. அடுப்புப் பற்ற வைக்காமல் வயலுக்கு ஓடினேன். மாமியார் கண்ணில் படாமல் அழ வேறு இடமில்லை.

சோளத்துக்கு நடுவே நீலச் சட்டை, தொப்பி. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "பஸ்ஸை விட்டுட்டு இங்க என்னங்க பண்றீங்க? ஒரு வார்த்தை பேசினா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? பேசுங்களேன்!" என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன். கையோடு வைக்கோல் வந்தது.

துரை!

வரப்பில் இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், பழைய வேட்டியும் கையில் கிளி விரட்டும் தகர டப்பாவுமாக. "நீதான் முதல்ல பேசின!"

"அது துரைகிட்ட" என்றேன்.

"வாட்ச்மேன் வேலைய அவனுக்கே கொடுத்துட்டேன். மோட்டார் பார்க்க மெக்கானிக் மத்தியானம் வரான்" என்றவர், மெதுவாக, "காப்பி கொண்டு வந்தியா?" என்று கேட்டார்.

துரையின் தொப்பி மேல் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. விரட்டத் தோன்றவில்லை.

எனக்கு ஒரு புதுப் பேர் யோசிக்க வேண்டும்.