கழன்றுபோன அடிஷனல் தாள்

மே 6, செவ்வாய்

காலை எட்டுக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். லீவிலும் பள்ளிக்கூடம், அலமாரி காலி பண்ண. வாங்க வேண்டியது: சீயக்காய், சிவப்பு ரீஃபில், தலைவலி மாத்திரை.

மதியம் துவைக்கலாம் என்று விடைத்தாள் கொண்டுபோகும் துணிப்பையை உதறினேன். அடியில் ஒரு அடிஷனல் தாள். நாலு பக்கமும் கணக்கு. பெயர் இல்லை. ஓரத்தில் பச்சைப் பட்டு நூல், முடிச்சு அவிழ்ந்து.

ஏழுக்குக் குறுக்கே கோடு. ஒன்பதாம் வகுப்பில் அப்படி எழுதுகிறவள் கல்பனா ஒருத்திதான். ஐயம்பேட்டைப் பெண். முழுப் பரீட்சையில் கணக்கு 24. பாஸ் 35. போன வெள்ளிக்கிழமை டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம்

மறுபடி பள்ளிக்கூடம் போய், விடைத்தாள் கட்டில் அவள் தாளைத் தேடி எடுத்தேன். பதினாலாவது கணக்கு பாதியில் நிற்கிறது. மீதி இந்தத் தாளில். திருத்தினேன். 31. மொத்தம் 55. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், குறையவே இல்லை.

தாள் கட்டுகிற ட்வைன் எப்போதும் பாதியில் தீர்ந்துவிடும். தறியில் மிஞ்சிய நூல்தான் வீட்டில் கிடக்கிறதே என்று கணக்குப் பரீட்சை அன்றைக்கு நான்தான் கைநிறையக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "பட்டுல ஒத்த முடிச்சு எங்கமா நிக்கும்? இத்தினி வருஷம் தறிகாரன் வூட்டுல இருந்துக்கினு..." மிச்சத்தையும் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மே 7, புதன்

எங்கள் பத்தாம் வகுப்பு வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் பேனர். ஒன்பதிலேயே தேறாததுகளை டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது பேனரில் இருக்காது.

எச்.எம். தாளைத் தொடக்கூட இல்லை. பெயரில்லாத தாளுக்கு எப்படி மார்க் போடுவது என்றார். லிஸ்ட் கையெழுத்தாகிவிட்டதாம். ஒன்றை மாற்றினால் எல்லாப் பெற்றோரும் வந்து நிற்பார்களாம். கடைசியில் மெதுவாக, "உங்க பேருதான் கெடும், பாத்துக்குங்க."

என் வேலை நிரந்தரமில்லை. ஜூன் ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. அவருக்கும் தெரியும்.

குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

மே 8, வியாழன்

சோறு இறங்கவில்லை. தயிர் மட்டும்.

கல்பனா, போர்டுக்குக் கூப்பிட்டால் கணக்கைச் செய்கிறவள். பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவள். வருஷம் முழுக்க இந்தக் கண்ணால் பார்த்தேன். 24 என்று போடும்போது கை கொஞ்சமாவது நின்றதா? இல்லை. இவ்வளவுதான் போல என்று அடுத்த தாளை எடுத்தேன். பதினோரு வருஷம். எத்தனை கட்டு. இன்னும் எத்தனை பேரை இப்படி. ஐயோ, நினைக்கவே முடியவில்லை.

அட்மிஷன் மேஜையில் பக்கத்து டீச்சர் ஓர் அப்பாவிடம்: "மார்க்கு பொய் சொல்லாதுங்க." எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை. பையில் இரண்டு தாளும். யாரையும் கேட்காமல் எடுத்தேன். எடைக்குப் போட்டால் அதுவும் போச்சு.

கல்பனா வருகிற திங்கட்கிழமை முதல் புடவைக் கடைக்குப் போகிறாளாம், பெரிய காஞ்சிபுரத்தில். வேறு பள்ளிக்கூடத்தில் மறுபடி ஒன்பதாவது உட்கார மாட்டேன் என்றுவிட்டாளாம். அவள் அம்மா மோர் கொடுத்தார். "அதுக்கு படிப்பு ஏறல டீச்சர். அதுவே சொல்லிடுச்சி."

டம்ளரைக் கீழே வைத்தேன். கல்பனாவிடம் தாளை நீட்டினேன். தப்பு என்னுடையது, உன் மார்க் 55 என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வேலை போனால் போகட்டும் என்றேன்.

புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

இத்தனை எழுதியவள் ஏன் வந்து கேட்கவில்லை என்றேன்.

"எழுதினாப்பலதான் இருந்துது மிஸ். இருபத்துநாலுன்னு பாத்ததும், எழுதாமலே எழுதினதா நெனச்சிக்கினு இருக்கேன்னு உட்டுட்டேன்."

பிறகு ஒரு ஏழின்மேல் விரலை வைத்து, "இது நெஜமாவே என்னுதா மிஸ்?"