மணி அடித்தது, குரல் வரவில்லை

நம் ஆய்வு நோட்டை இன்று கணினி ஆசிரியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். திறந்ததும் உன் தைல வாசம். மூச்சிழுப்பு வரும் நாட்களில் நெஞ்சில் தேய்த்த கையோடுதான் எழுதுவாய். பக்க ஓரங்களில் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நாளை உன் பதினாறாம் நாள். நோட்டை உன் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமென்று உன் அம்மா கேட்டிருக்கிறார். அதற்கு முன் உன் அண்ணன் அதை முழுக்கப் படித்துக் காட்ட வேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

இணையத்தில் பேச்சும் படமும் போவதற்கு முன் ஒருவர் இன்னொருவரை எப்படிக் கூப்பிடுகிறார், அந்த முறைகளில் எது நல்லது என்று ஒப்பிடுவது நம் தலைப்பு. எச்.323 என்ற பழைய முறை ஒன்று, சிப் என்ற முறை இன்னொன்று. புத்தகத்திலிருந்த அம்புக்குறிகளைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. நீ சிரித்தாய்.

"பழசு, துரையைப் பாக்கப் போற மாதிரிடி. மொதல்ல ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிகிட்ட பெர்மிஷன். அப்புறம் உனக்கு என்ன பாஷை தெரியும், எனக்கு என்ன தெரியும்னு ஒரு பேச்சு. சிப்பு நம்ம லயத்துல கூப்பிடுற மாதிரிலா. வாடி. இரு வரேன். சரி. அவ்ளோதான்."

ஆசிரியையிடமும் இதையே சொன்னாய். பரீட்சையில் மட்டும் கிராணி என்று எழுதிவிடாதே என்று அவரும் சிரித்தார்.

தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசையில் நமக்குள் நான்கு வீடுகள்தான் இடைவெளி. ஆளுக்கொரு கைப்பேசியில் சிப் செயலியைப் போட்டுக்கொண்டு நாம் அழைத்துப் பார்த்ததை லயமே கேலி செய்தது. தேயிலைக் கூடையோடு போன உன் அம்மா, "கூப்பிட்டா காதுல விழுற தூரம். இதுங்களுக்கு வீடியோ கால் ஒரு கேடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி அழைப்புகளில் மணி அடிக்கும், எடுத்தால் சத்தம் இருக்காது. மணியைக் கொண்டு வரும் செய்தி ஒரு வழியில் வருகிறது, குரல் வேறு வழியில் வருகிறது, அதை வீட்டு மோடம் தடுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்தவள் நீதான். அதனால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். சத்தம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். வெட்டிவிட்டு, நேரத்தோடு அட்டவணையில் எழுதிவிட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை உன் அழைப்பு வந்தது. எடுத்தேன். திரையில் உன் வீட்டுக் கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது. கைப்பேசியை மேசையில் மல்லாக்க வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். இரண்டு தடவை உன் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு வெட்டினேன். பதினேழாவது வரிசையில் எழுதினேன்: 'காலை 10.42. மணி அடித்தது. படம் வந்தது. குரல் இல்லை.' எழுதிவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

உன் அப்பா காய்கறி லோரியோடு திரிங்காப் டவுனுக்குப் போயிருந்தார். உன் அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். மதியம் அவர் வந்து கதவைத் திறந்து கத்தியபோதுதான் நானும் ஓடினேன். நீ தரையில் கிடந்தாய். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. இன்றுவரை அதன் பூட்டு யாருக்கும் திறக்கவில்லை.

நோட்டில் நான் இப்போது பார்ப்பது அந்த ஒரு வரிசையைத்தான். படம் வந்ததே, குரலுக்கு மட்டும் ஏன் வழியில்லை? மோடம் தடுத்ததா, இல்லை உன் தொண்டையிலிருந்தே எதுவும் வரவில்லையா? நம் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதைப் பிரித்துச் சொல்ல ஒரு கட்டம் நாம் போடவே இல்லை. உன்னைக் கேட்டிருந்தால் ஏதாவது சோதனை சொல்லியிருப்பாய்.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்பக்கத்தில் உன் முடிவுரை இருக்கிறது. சிப்தான் நல்லது, கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவில் ஆள் குறைவு என்று உன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாய். அதைக் கிழிக்கக் கை வரவில்லை.

போன வாரம் உன் அம்மா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாம்ல ஆயி. ஒருத்தரையும் கூப்பிடாமலே போயிட்டா" என்றார். குடித்து முடித்ததும் குவளையைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன் அண்ணன் படித்து உன் அம்மாவுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று எனக்குத் தெரியும். இப்போது போர்வைக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். "அத்தை, அவ என்னையக் கூப்பிட்டா." இதுவரை வருகிறது. ஐந்தாறு தடவை சொல்லிவிட்டேன். "நான் எடுத்தேன்" என்பதும் ஒருமுறை வந்தது. அதற்கடுத்ததைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், மூச்சு மட்டும்தான் வருகிறது.