லவோன் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி

ஹூரான், தெற்கு டகோட்டா
செப்டம்பர் 8

அன்புள்ள லவோன்,

நானும், காலடியில் வாலாட்டிக்கொண்டு கிடக்கும் பிஸ்கெட்டும் நலம். பாலைவனத்து வெயில் உன்னை வறுத்தெடுக்காமல் விட்டுவைத்திருக்கிறதா? போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. கள்ளிச்செடிகளோடு பேசவே நேரம் சரியாக இருக்கிறதோ என்னவோ.

மக்காச்சோளம் இன்னும் அறுக்கவில்லை. வடக்கு வேலியோரம் ஃபெசன்ட் காட்டுச் சேவல்கள் நிறையத் தெரிகின்றன. வேட்டைக்கு நல்ல வருஷம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உன் ஷாட்கன்னை என் கையில் திணித்தாயே, "உன் தோளு இனிமே பழைய துப்பாக்கியோட உதையைத் தாங்காதுடி. இது அடுத்த தோட்டாவ தானே ஏத்திக்கும், உதையும் கம்மி" என்று. உண்மைதான். ஆபரேஷன் செய்த தோளுக்குப் பஞ்சு மாதிரி இருக்கிறது. ஆனால் அதன் முதுகில் கம்பெனியிலேயே பொருத்திவந்த மவுண்ட் தாங்கியும், அதன்மேல் குறிபார்க்க நீ மாட்டிய சிவப்புப் புள்ளிக் கண்ணாடியும் எனக்கு ஒத்துவரவில்லை. கண்ணாடிக்குள் புள்ளியைத் தேடிப் பிடிப்பதற்குள் சேவல் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். குழல் நுனியில் இருக்கும் வெள்ளை மணியைப் பார்த்தே சுட்டுப் பழகியவள் நான்.

கண்ணாடி சுலபமாக வந்துவிட்டது. மணியை மறைக்கும் மவுண்டின் திருகுகள்தான் அசையமாட்டேன் என்கின்றன. அதற்கு ஏதாவது வழி உண்டா? சீக்கிரம் எழுது.

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடும்,
மார்லிஸ்


டூசான், அரிசோனா
செப்டம்பர் 17

மார்லிஸ்,

துப்பாக்கி இப்போது உன்னுடையது. என்னை ஏன் கேட்கிறாய்? கழற்ற வேண்டுமென்றால் கழற்றிக்கொள்.

ஆனால், அக்டோபரில் வேட்டை சீசன் திறக்கும்போது வருவேன் என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன்? வந்தால் எதை வைத்துச் சுடுவேன் என்று யோசித்தாயா? அந்த மவுண்ட் இருக்கிறது என்பதற்காகவே அந்தத் துப்பாக்கியை வாங்கினேன். மணியைப் பார்த்துச் சுடும் கண் எனக்குப் போய் எத்தனையோ காலமாயிற்று. அது உனக்குத் தெரியும்.

நான் இனி வரமாட்டேன் என்று நீயே முடிவுகட்டிவிட்டாய் போலிருக்கிறது. சரி.

கிரெட்சன் வேலைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் ஏர்கண்டிஷனர் சத்தம் மட்டும்தான்.

லவோன்


ஹூரான்
செப்டம்பர் 24

என் லவோன்,

உன் கடிதத்தைப் படித்ததும் ஸ்க்ரூடிரைவரை டிராயருக்குள் போட்டுவிட்டேன். கண்ணாடியையும் மறுபடி மாட்டிவிட்டேன். இருந்தது இருந்தபடியே இருக்கட்டும். நீ வந்து சுடு.

நேற்று துப்பாக்கிக் கடை ரோலண்ட் களிமண் தட்டுகளை எறிய, சுட்டுப் பழகினேன். ஒன்றுகூட உடையவில்லை. "என்ன மார்லிஸ், தட்டுக்கு வலிக்கும்னு விட்டுட்டீங்களா?" என்று ஒரே சிரிப்பு அவனுக்கு. பிறகு, "டிரில் போட்டு அந்த மவுண்ட எடுத்துத் தரட்டுமா?" என்றான். "கைய வச்சுத்தான் பாரேன். அது லவோனோடது, அவ வருவா" என்றேன். அடுத்த தட்டை எறியப் போய்விட்டான்.

கோபப்படாமல் இதையும் கேள். உன் கடிதத்தில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. பாதியை ஊகித்துத்தான் படித்தேன். உன் கண் எப்படி இருக்கிறது? நிஜத்தைச் சொல். என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறாய்?

கவலையோடு,
மார்லிஸ்


டூசான்
அக்டோபர் 3

அன்புள்ள மார்லிஸ்,

நான் சொல்லச் சொல்ல கிரெட்சன் எழுதுகிறாள். அதிலேயே உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

வலது கண் வசந்தத்திலேயே போய்விட்டது. இடது கண்ணில் நடுப்பகுதி மறைந்துகொண்டு வருகிறது. எதைப் பார்க்கிறேனோ அது தெரியாது, அதன் ஓரம்தான் தெரியும். டாக்டர் ரொம்ப மென்மையாகப் பேசினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

போன சீசனிலேயே அந்தச் சிவப்புப் புள்ளி எனக்குப் புள்ளியாகத் தெரியவில்லை. சிந்திய ஜாம் மாதிரித்தான் தெரிந்தது. நான் சுட்டதாக நீ சொன்ன சேவல்களெல்லாம் நீ சுட்டவை. நான் சுடும் அதே நொடியில் நீயும் சுட்டுவிட்டு, "அடி சக்கை, விழுந்துருச்சு பாரு, உன்னோடதுதான்!" என்று கத்துவாய். எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய்? தெரிந்தேதான் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் வறுத்துத் தின்றும் விட்டேன்.

மவுண்டைக் கழற்றுகிறேன் என்று நீ எழுதியதும் ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசித்தேன். அது அங்கே இருக்கும்வரை, திரும்பி வந்து சுடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. அவ்வளவுதான்.

கழற்றிவிடு. உள்ளே ஒரு தோட்டாகூட இல்லை என்பதை முதலில் விரலை விட்டுத் தடவிப் பார். பார்வையை மட்டும் நம்பாதே. டிரில் வேண்டாம். ரோலண்டைக் கிட்டவே சேர்க்காதே. திருகு கழலாமலிருக்கக் கம்பெனியில் பசை போட்டிருப்பார்கள். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பைச் சூடாக்கித் திருகின் தலையில் கொஞ்ச நேரம் வை, பசை இளகும். பிறகு சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் முனையைப் போட்டு, நன்றாக அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்பு. அவசரப்பட்டாயானால் தலை மழுங்கிவிடும். துளைகளை மூடும் குட்டித் திருகுகள் துப்பாக்கிப் பெட்டியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன.

சீசனுக்கு நான் வரவில்லை. சுட முடியாதவளுக்கு வயலில் என்ன வேலை?

லவோன்

(மார்லிஸ் ஆன்ட்டி, இதைச் சொல்லி முடித்ததும் அம்மா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் வெளியே வரவில்லை. — கிரெட்சன்)


ஹூரான்
அக்டோபர் 20

என் லவோன்,

கழற்றிவிட்டேன். நீ சொன்னபடியே செய்தேன். மற்ற திருகுகள் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்துவிட்டன. ஒன்று மட்டும் பிடிவாதம் பிடித்தது. "லவோனுக்குச் சொந்தமாடி நீ?" என்று திட்டிக்கொண்டே மறுபடி சூடு வைத்தேன். 'டிக்' என்று விட்டது. மவுண்டைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சீசன் திறந்தது. சூரியகாந்தி வயலோரமாக நடந்தேன். பிஸ்கெட் மோப்பம் பிடித்துக்கொண்டே போய் சட்டென்று நின்றது. சேவல் கத்திக்கொண்டு எழும்பியது. துப்பாக்கி தோளுக்கு வந்ததுகூடத் தெரியவில்லை. மணி தெரிந்தது, சேவல் தெரிந்தது, முதல் தோட்டாவிலேயே விழுந்தது. நான் திரும்பி, "பாத்தியாடி!" என்றேன். அங்கே யாரும் இல்லை.

பிஸ்கெட் சேவலைக் கவ்விக்கொண்டு என்னைத் தாண்டி ஓடியது. நீ வழக்கமாக நிற்பாயே, அந்த இடத்துக்கு. அங்கே கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடம் கொண்டுவந்து போட்டது.

அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதேன். அதற்குமேல் சுடப் பிடிக்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வயலில் உனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். ஒரு வேலையும் இல்லை. வேலைக்காகவா உன்னைக் கூப்பிடுகிறேன்? நீ இல்லாமல் அங்கே நடக்க எனக்குப் பிடிக்கவில்லை.

வா.

மார்லிஸ்


டூசான்
அக்டோபர் 27

என் மார்லிஸ்,

இதை நானே எழுதுகிறேன். கிரெட்சன் ஓர் அட்டையில் வரி வரியாக வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சந்துக்குள் பேனாவை ஓட்டுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை அவள்தான் படித்துக் காட்டினாள். பிஸ்கெட் ஓடிய இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படிக்கச் சொன்னேன்.

நவம்பர் எட்டாம் தேதி மதியம் சூ ஃபால்ஸ் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறேன். சக்கர நாற்காலி வேண்டுமா என்று டிக்கெட் போட்ட பெண் கேட்டாள். "காலு ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன்.

இங்கே நான் யார் கையையும் பிடிப்பதில்லை. கிரெட்சன் நீட்டினாலும் தட்டிவிடுகிறேன். பாவம், அப்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரிவதும் இல்லை. ஆனால் அந்த வயல் மேடும் பள்ளமுமாக இருக்கும். நீ துப்பாக்கியை வலது கையில் வைத்துக்கொள். இடது கை எனக்கு வேண்டும்.

சேவல் எழும்பினால் கையை விட்டுவிடுகிறேன். சுட்டு முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடு.

லவோன்