வசந்திக்குக் கொடுத்த அணி

ஜூலை 8, திங்கள்
விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. சாயங்காலம் தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றத்துக்கு அணி பிரித்தார்கள். தலைப்பு: உலகமயமாக்கல் வாழ வைக்குமா, வீழ்த்துமா. 'வீழ்த்தும்' அணிக்கு வசந்தி தலைமை. இத்தனை வருஷமாக எதிர்த்துப் பேசுவது என்றால் நான்தான். இவள் நேற்று வந்தவள், காலேஜில் எகனாமிக்ஸ் நடத்துகிறாளாம். எனக்கு 'வாழ வைக்கும்'.

"நீங்க எந்தப் பக்கம்னாலும் பேசிடுவீங்க மேடம்" என்றார் செயலாளர். புகழ்ச்சியாம். வயிறு எரிகிறது. அவள் புடவை வேறு நன்றாக இருந்தது.

ஜூலை 10, புதன்
இவர் வேலை பார்க்கும் நஞ்சன்கூடு ஃபேக்டரியை வெளிநாட்டுக் கம்பெனி வாங்குவது நிச்சயமாம். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று மறுபடியும் கேட்டார்.

"சும்மா இருங்க. இந்த வயசுல யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா?"

தலையாட்டினார். அப்பாடா.

ரவை, சோப்பு, சின்னவளுக்கு ஷூ பாலிஷ்.

சங்க லைப்ரரியில் உருப்படியான புத்தகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வசந்தி எடுத்துப்போய்விட்டாளாம். மகராசி.

ஜூலை 14, ஞாயிறு
பட்டிமன்றம். மண்டபம் நிறைய ஆள். அவள் நன்றாகத்தான் பேசினாள், பொய் சொல்லக் கூடாது. வேலை போன ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னபோது கூட்டம் கப்சிப். பிறகு கைதட்டல். அது எனக்கு வர வேண்டிய கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்தேன். "கைத்தொழில் தெரிந்தவனுக்குக் கதவு திறந்தால் என்ன பயம்? பழைய நாற்காலியைப் பிடித்துத் தொங்குகிறவர்தான் நடுங்க வேண்டும்!" விசில் பறந்தது. பின்வரிசையில் இவர் எழுந்து நின்று கை தட்டினார். கல்யாணமான நாளாக இப்படி ஒரு தரம் கூட இல்லை. தீர்ப்பு எங்கள் பக்கம்.

வசந்தி வந்து கை கொடுத்தாள். "நெஜமாவே நம்பித்தான் பேசினீங்களா மேடம்?"

"நம்பாமலா பேசுவேன்?" இவரும் பக்கத்தில்தான் நின்றார். அவள் முகம் சுண்டியது. என்ன இனிப்பு.

ஜூலை 15, திங்கள்
வெயில். தலையணை உறையெல்லாம் காய்ந்தது. இவர் மைசூர்பாகோடு வந்தார். என்ன விசேஷம் என்றேன்.

"விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்தாயித்து. வொர்க்‌ஷாப் போடப் போறேன்."

"வேண்டாம்னு சொன்னேனே."

"அது போன வாரம். நேத்து அத்தனை பேர் முன்னாடி சொன்னியே, கைத்தொழில் தெரிஞ்சவனுக்கு என்ன பயம்னு. நீ சொன்னது எனக்காகத்தான்னு புரிஞ்சுது."

வாபஸ் வாங்க முடியாதாம். மேடைக்காகச் சொன்னது என்று சொல்ல வாய் வரவில்லை.

"வசந்தி பேசினதைக் கேட்டீங்கதானே? அந்தக் குடும்பம், அந்தப் பிள்ளைங்க..."

"அவங்க பேசினது யாருக்கு ஞாபகம் இருக்கு? நீதான் அடிச்சு நொறுக்கிட்டியே."

பெட்டியைப் பிரித்து ஒரு துண்டை என் வாயில் வைத்தார்.