ஏழாம் நம்பர் பாட்டில்

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து திருத்துகிறேன், இன்னும் பதினேழு தாள் பாக்கி. இந்த வருஷப் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்தால் ஆடுகிற கப்பலில் உட்கார்ந்து எழுதியது போல இருக்கிறது. ஒருத்தரும் இதுவரை கப்பலில் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

முதுநிலை இரண்டாம் வருஷத்துக்கு எப்போதும் கொடுக்கிற அதே பயிற்சிதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன் என் முதல் பயணத்தில் ஐந்து இடங்களில் எடுத்த அளவுகளைக் கொடுத்து, வழக்கத்துக்கு மாறான நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது, ஏன் என்று கேட்பேன். விடை: இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர். இருக்கவேண்டியதைவிட உப்பு கூடுதலாக, ஆக்சிஜன் குறைவாக, மெல்லிய ஓர் அடுக்கு. ஐந்து இடத்திலும் அதே ஆழத்தில். மேலே இரண்டாயிரம் மீட்டரில் இருக்கும் நீர் கனத்து இறங்கி அங்கே நுழைந்திருக்கிறது என்று சொன்னவள் நான். பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். துறையில் அதற்கு 'மேடம் அடுக்கு' என்றே பெயர்.

மதியம் கடிதம் வந்தது. செப்டம்பரில் பதினெட்டு நாள் கப்பல், அடுக்கை விரிவாக ஆராய, என் தலைமையில். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிப் பயணம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஈரக்கையோடு என் கன்னத்தைத் தட்டினார், முகமெல்லாம் கிரீஸ்.

ஒரே ஒரு தாள்தான் எரிச்சல் மூட்டியது. எல்லாவற்றுக்கும் 'ஏன் மேடம்?' என்று கேட்கும் அந்தப் பெண்ணுடையது. மனசுக்குள் அவளுக்கு ஏன்-மேடம் என்றே பெயர் வைத்திருக்கிறேன். "மாறான நீர் எதுவும் இல்லை. பாட்டில் கோளாறு" என்று எழுதியிருக்கிறாள். ஒரே வரி. முட்டை போட்டு, 'கேள்வியைப் படி' என்று சிவப்பில் எழுதினேன்.

பிப்ரவரி 5, புதன்

ஏன்-மேடம் அறைக்கு வந்தாள். மார்க்குக்காகச் சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். தாளை மேஜைமேல் விரித்து, பாட்டில் எண் இருக்கும் பத்தியில் விரலை வைத்தாள்.

"அஞ்சு இடத்துலயும் அந்த ஆழத்துல மூடினது ஏழாம் நம்பர் பாட்டில்தான் மேடம். அது அங்க மூடாம, மேல வந்து எட்டாம் நம்பரோட சேர்ந்து மூடியிருந்தா?"

பன்னிரண்டு பாட்டில்களை ஒரு வளையத்தில் மாட்டி, இரண்டு பக்கமும் திறந்தபடி அடிவரைக்கும் இறக்குவோம். தூக்கும்போது ஒவ்வொரு ஆழத்திலும் மேலேயிருந்து பொத்தானை அழுத்தினால் ஒரு கொக்கி விடும், ஒரு பாட்டில் மூடிக்கொள்ளும். ஏழாம் பாட்டில் இரண்டாயிரத்து ஐந்நூறில், எட்டாவது இரண்டாயிரத்தில். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவள் எனக்கே பாடம் நடத்துகிறாள்.

ஒரு தடவை நடந்தால் கோளாறு, ஐந்து தடவை நடந்தால் அது கடல் என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். அவள் விடவில்லை. கூடவே இறங்கிய சென்சார் அங்கே உப்பு எவ்வளவு காட்டியது என்று கேட்டாள். சென்சார் அப்போது சரியாக இல்லை, கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

அஞ்சு இடத்திலும் அதே பாட்டில். இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. தூங்கு.

பிப்ரவரி 8, சனி

துறையில் ஆளில்லை. பழைய அலமாரியைத் திறந்து பயணப் பதிவேட்டை எடுத்தேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தரிக்கோலின் முனையால் பிரித்துப் பிரித்து, பாட்டில் அளவையும் சென்சார் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஐந்து இடம், அறுபது பாட்டில்.

ஐம்பத்தைந்து பாட்டிலோடு சென்சார் அச்சாக ஒத்துப்போகிறது. ஏழாம் நம்பரோடு மட்டும் இல்லை. ஐந்து தடவையும் இல்லை.

பதினொரு பாட்டிலுக்கு ஒழுங்காக இருந்த சென்சாருக்கு ஏழாவது வரும்போது மட்டும் பைத்தியம் பிடித்ததாம். இதை எழுதியவள் நான். இதற்கு முனைவர் பட்டம் வேறு. ஏழும் எட்டும் ஒரே அளவு காட்டியதை ஆதாரமாக வேறு சொன்னேனே, மேல் நீர் கீழே இறங்கியதற்கு! இரண்டும் ஒரே தண்ணிடீ. ஒரே இடத்துல மூடின தண்ணி. கடல் இறங்கல, ஒண்ணும் இறங்கல.

அப்புறம் இரண்டு கப்பல்கள் போய்ப் பார்த்தும் அடுக்கு கிடைக்கவில்லை. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் ஏன் மேடம் என்று கேட்கவில்லை.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியுமா, அந்தப் பாட்டில்களை வளையத்தில் மாட்டியவரே இவர்தான். அப்போது கப்பலில் தளக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்.

நாங்கள் சந்தித்த கதையை இவர் எங்கே போனாலும் சொல்லுவார். கப்பல் கிளம்பிய மூன்றாம் நாள், தளத்தில் அத்தனை பேர் பார்க்க நான் இவரைப் பார்த்துக் கத்தியது. "அங்கயே முடிவு பண்ணிட்டேன், திட்டு வாங்கினா இவகிட்டதான் வாங்கணும்னு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எங்கள் மகள் அதை எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எதற்காகக் கத்தினேன் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் ஞாபகமில்லை.

இன்று காலை சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவரிடம், அந்தப் பயணத்தில் ஏழாவது கொக்கி எப்படி இருந்தது என்று கேட்டேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது சிக்குதுன்னு சொல்லத்தானே அன்னைக்கு உன்கிட்ட வந்தேன். 'உங்க வேலைய மட்டும் பாருங்க'ன்னு கத்தினியே."

தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் ஏன் மறுபடி சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

"ரெண்டு நாள் கழிச்சு நீயா வந்து சிரிச்சுப் பேசின. அதைக் கெடுத்துக்க எனக்குப் பைத்தியமா? கிரீஸ் போட்டுப் பார்த்தேன். நீ பெரிய படிப்புப் படிச்சவ, கணக்குல சரி பண்ணிக்குவேன்னு நெனச்சேன்."

சமையலறைக்குப் போய் ஒரு மணி நேரம் பாத்திரங்களை உருட்டினேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு கொக்கியைப் பற்றிப் பேசிக்கொள்ளாத ஜோடி உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். பிறகு பார்த்தால் சமையலறை வாசலில் அந்தச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிறார். "என் பேரையும் சேர்த்து எழுது, தப்புல எனக்கும் பங்கு உண்டு" என்றார். எழுதப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. அவர் பாட்டுக்கு முடிவு செய்துவிட்டார்.

அழுகை வந்தது. இவர்மேல் எனக்கு இருக்கிற பிரியத்துக்கு அளவே இல்லை. இதை நேரில் சொன்னால் கேலி செய்வார், இங்கேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 12, புதன்

உண்மையை எழுதவேண்டும் என்றுதானே இந்த நோட்டு. மூன்று நாளாக வேறு யோசனையும் ஓடியது. யாருக்குத் தெரியும்? ஒரு மாணவி, ஒரு கணவர். செப்டம்பரில் கப்பலில் போவேன், கடைசித் தடவையாகப் பதினெட்டு நாள் தளத்தில் நிற்பேன், அடுக்கு கிடைக்கவில்லை, மறுபடி இடம் மாறிவிட்டது என்று எழுதுவேன், மாலை போட்டு வழியனுப்புவார்கள். இவ்வளவு சுலபம். நினைக்கவே நினைக்காதவள் மாதிரி நடிக்க முடியவில்லை.

இன்று ஏன்-மேடத்தைக் கூப்பிட்டேன். முட்டையை அடித்துவிட்டு முழு மார்க் போட்டேன். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்றேன். வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது இந்த வாக்கியம். துள்ளுவாள் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது.

"அப்ப கப்பல், மேடம்?"

போன வருஷம் பயணத்துக்கு விண்ணப்பம் போட்டபோதே அவளும் பெயர் கொடுத்திருந்தாள். கடலுக்குப் போகத்தான் இந்தப் படிப்பிலேயே சேர்ந்தாளாம். தெரிந்துதான் அந்த ஒரு வரியை எழுதியிருக்கிறாள், அசட்டுப் பெண். அசடு யார் என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

துறைத்தலைவரிடம் திருத்தக் குறிப்பைக் கொடுத்தேன். நல்ல மனிதர்தான், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். செப்டம்பர் முடியும்வரை இதை உள்ளே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். கப்பல் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியாதா என்றார். தெரியும். அந்தப் பாட்டைப் பட்டதே நான்தான்.

இல்லாததைத் தேடிக்கொண்டு ஒரு கப்பலைப் பதினெட்டு நாள் ஓட்ட என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வீறாப்பாகத்தான் எழுந்தேன், பேனாவை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்று பெயர் போட்டு ஆய்விதழுக்கு அனுப்பியாகிவிட்டது. அவளுடையது முதலில், கடைசியில் என்னுடையது, நடுவில் இவர். ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் வந்த குழாய் ரிப்பேர்க்காரர் நான்தான் என்று மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொள்கிறார். இது என்ன பட்டமளிப்பு விழாவா என்று கேட்டேன், காதில் வாங்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பயணம் ரத்து. இரண்டு வரிக் கடிதம்.

ஏப்ரல் 11, வெள்ளி

துறையில் எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். தாங்க முடியவில்லை. டீ வாங்கித் தருகிறார்கள், துக்க வீட்டில் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்துகிறார்கள். யாராவது ஒருத்தர் நன்றாகத் திட்டினால் தேவலை.

ஜூன் 20, வெள்ளி

ஆகஸ்டில் வேறொரு குழுவின் கப்பல் அந்தப் பக்கம் போகிறது. போகிற வழியில் அந்த ஐந்து இடங்களிலும் ஒவ்வொரு தடவை பாட்டில் இறக்கிப் பார்க்க அனுமதி. துறைத்தலைவர் எனக்காக யார் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். அவரைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன். ஆனால் ஒரே ஒரு படுக்கைதான் தருவார்களாம், ஒரு ஆள்தான் போகலாம்.

இவர் அதற்குள் பரணிலிருந்து என் கடல் பையை இறக்கித் துடைத்து வெயிலில் போட்டுவிட்டார். ரப்பர் பூட்ஸ் இன்னும் காலுக்குச் சரியாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

போகணும். எனக்குப் போகணும். அந்தத் தளத்தில், கம்பி இறங்குகிற சத்தத்தில், ஒரு தடவை நிற்கணும். என் தப்பு, நான்தானே போய்ப் பார்க்கணும்? நியாயமாகத்தானே கேட்கிறேன்?

ஜூன் 25, புதன்

விண்ணப்பத்தில் ஏன்-மேடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. நான் போனால் அடுக்கைத் தேடுவேன். அவள் போனால் தண்ணீரை எடுப்பாள்.

பூட்ஸ் அவளுக்கு ஒரு அளவு பெரிது. இரண்டு காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். இவர் அவளை வீட்டுக்கு அழைத்து, கொக்கியை எப்படித் தொட்டுப் பார்ப்பது, எப்போது சந்தேகப்படுவது என்று மத்தியானம் பூராவும் சொல்லிக் கொடுத்தார். இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாரோ இத்தனை விஷயத்தை. நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். குறுக்கே பேசவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கப்பலிலிருந்து மெயில். முதல் இடம். இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒன்றுக்கு இரண்டாகப் பாட்டில் வைத்தாளாம், ஐந்தாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும். இரண்டும் ஒரே அளவு. உப்பு வழக்கம்போல, ஆக்சிஜன் வழக்கம்போல. அடுக்கு இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இரண்டாம் இடம். இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்றாவதிலும் இல்லை. அவளுக்கு வாந்தியாம், ஆனால் ஒரு பாட்டிலையும் விடவில்லையாம். காய்ந்த ரொட்டியைக் கொறிக்கச் சொல்லி எழுதினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நான்காவது, ஐந்தாவது இரண்டும் ஒன்றாக வந்தன. திறப்பதற்கு முன் கை கொஞ்சம் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, ஏதோ ஒரு மூலையில் இன்னும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்தில் ஒன்றிலாவது இருந்துவிடாதா என்று. வெட்கமாக இருக்கிறது.

இல்லை.

இவரிடம் போய்ச் சொன்னேன். தோளில் கையைப் போட்டுக்கொண்டார். பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமாகத் துணியை மடித்தோம். இருபத்தாறு வருஷமாக நான் சுமந்தது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தோள் லேசாக இருந்தது உண்மை.

செப்டம்பர் 2, செவ்வாய்

புது வருஷம், புது வகுப்பு, இருபத்தோரு பேர். முதல் நாளே முழுக் கதையையும் சொன்னேன். பாட்டில், கொக்கி, நான் கத்தியது, போட்ட முட்டை எல்லாம். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் சிரித்ததும் தைரியம் வந்து சிரித்தார்கள்.

முன்வரிசையில் ஒருத்தி, அப்படியானால் அந்த ஆழத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள்.

"தண்ணி. அங்க இருக்கவேண்டிய தண்ணி."

ஆகஸ்டில் வந்த அளவுகளைச் சத்தமாக வாசித்து, பலகையில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக் கோடு வரைந்தேன். சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பின்னால் ஒரு கை உயர்ந்தது. மூன்றாம் இடத்தின் புள்ளியைத் தள்ளி வைத்துவிட்டேன் என்றான் ஒருவன், தயங்கித் தயங்கி. தாளை எடுத்துச் சரிபார்த்தேன். அவன் சொன்னது சரி. அழித்துவிட்டு, இருக்கவேண்டிய இடத்தில் வைத்தேன்.